ட்ரங்கிங் வானொலி ஸ்கானரில் சரியாகப் பிடிபடாதது ஏன்? கேள்வி பதில்

ட்ரங்கிங் முறையில் இருவழி வானொலியில் பேசும் பல குழுக்கள் சில அலைவரிசைகளை மாறிமாறிப் பயன்படுத்துகின்றன. ஸ்கானர் என்பது அந்த அலைவரிசைகளைத் தாவித்தாவிக் கேட்கும் வானொலி வாங்கி. எந்தக் குழு எந்த அலைவரிசைக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுச் சனல் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். கொழும்பில் தத்தம் நிறுவனங்களின் வானொலி வலையமைப்பைப் பராமரிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி (வெள்ளவத்தை): எட்டாம் மாடியில் வசிக்கிறேன். கணினியில் செருகி ஸ்கானராகப் பயன்படுத்தும் யூஎஸ்பி டொங்கிளில் சிக்னல் பலமாகத் தெரிந்தும் கட்டுப்பாட்டுச் சனல் விட்டுவிட்டுத்தான் பிடிபடுகிறது. அம்ப்ளிஃபயர் பூட்டலாமா?

பதில்: தயவுசெய்து பூட்ட வேண்டாம். உயரமான மாடியில் அன்ரெனாவுக்கு உங்கள் சிக்னலோடு நகரின் எஃப்எம் ஒலிபரப்புகளும் சேர்ந்தே வருவதால், சாதாரண டொங்கிளின் முன்பகுதி திணறி, இல்லாத சிக்னல்களைத் தானே உண்டாக்கிவிடும். என் டொங்கிளின் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, உச்சமான 49.6 டெசிபெல்லில் வைத்துப் பல நாட்கள் குழம்பிய பிறகு, இருபதுகளுக்குக் குறைத்ததும் பிழைகள் அடங்கின. கெயினைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். நிலைமை சீரானால் 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை தடுக்கும் வடிகட்டி ஒன்றே போதும். சீராகாவிட்டால், டொங்கிள் காட்டும் அலைவரிசை உண்மையானதிலிருந்து விலகும் அலைவரிசைப் பிசகைச் சந்தேகியுங்கள். மலிவான டொங்கிள் பத்து இலட்சத்துக்கு 30 பங்கு பிசகினால், 400 மெகாஹேர்ட்ஸில் அது 12 கிலோஹேர்ட்ஸ் ஆகிவிடும், 12.5 கிலோஹேர்ட்ஸ் சனலில் இது ஏறத்தாழ அடுத்த சனலையே கேட்பதற்குச் சமம். சாதனம் சூடேறும்வரை அரை மணி நேரம் பொறுத்திருந்து, மென்பொருளில் அந்தப் பிசகுக்கான திருத்தத்தை இடுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எங்களுடையது டிஎம்ஆர் எனும் டிஜிட்டல் வானொலித் தரத்தின் மூன்றாம் அடுக்கு, அதாவது ட்ரங்கிங், முறை. கட்டுப்பாட்டுச் சனல் துப்புரவாகப் பிடிபடுகிறது. பேச்சு மட்டும் வருவதில்லை.

பதில்: அம்முறையில் கட்டுப்பாட்டுச் சனல் பெரும்பாலும் சனல் இலக்கத்தையே அனுப்புகிறது, அந்த இலக்கம் எந்த அலைவரிசை என்பதை ஸ்கானரில் நீங்களே பதிந்திருக்க வேண்டும். இந்த இலக்க அட்டவணை பிழைத்தால் ஸ்கானர் ஆளில்லாத அலைவரிசைக்குப் போய்க் காத்திருக்கும். சக ஊழியர் ஒருவரைப் பேச்சு விசையை அழுத்தச் சொல்லிவிட்டு, திரையில் எந்த அலைவரிசையில் சிக்னல் எழுகிறது, அந்தக் கணத்தில் கட்டுப்பாட்டுச் சனலில் எந்த இலக்கம் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தெஹிவளை): மைத்துனர் கனடாவிலிருந்து கொண்டுவந்த விலையுயர்ந்த ஸ்கானரில் எங்கள் டெட்ரா (ஒருவகை டிஜிட்டல் ட்ரங்கிங் முறை) வலையமைப்பு வெறும் இரைச்சலாகவே கேட்கிறது.

பதில்: ஸ்கானரில் பழுதில்லை. அங்கு விற்கப்படும் ஸ்கானர்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவில் வழங்கும் பி25 எனும் டிஜிட்டல் முறைக்காகச் செய்யப்பட்டவை. டெட்ரா 25 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் நான்கு நேரத்துண்டுகளை (நான்கு பேச்சுகள் முறைவைத்துப் பகிரும் நேரப் பகுதிகளை) கொண்ட வேறொரு முறை. அன்ரெனாவை மாற்றுவதால் பயனில்லை.

கேள்வி (மட்டக்குளி): மறைகுறியாக்கிய பேச்சைக் கேட்க வழியுண்டா?

பதில்: இல்லை. அனுமதியின்றிப் பிறர் தொடர்புகளை இடைமறிப்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): கூரையிலிருந்து வரும் 20 மீற்றர் ஆர்ஜி-58 கேபிளை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள். 400 மெகாஹேர்ட்ஸில் அவ்வளவு நீளத்தில் சிக்னலின் வலுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் கீழே வந்துசேரும். டிஷ் அன்ரெனாவுக்கு இழுக்கும் ஆர்ஜி-6 கேபிளில் சுமார் பாதி கிடைக்கும். அது 75 ஓம் கேபிள் என்பதால் சாதனத்தோடு முழுதாகப் பொருந்தாவிட்டாலும், பெறுவதில் அதனால் உண்டாகும் இழப்பு அற்பமே. அதற்கு முன் கூரையிலுள்ள இணைப்பியைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் நடுக்கம்பி பச்சைக் களிம்பு பிடித்திருந்தால், அந்த நுனியை வெட்டியெறிந்து புது இணைப்பி பூட்டி, றப்பர் நாடாவால் இறுகச் சுற்றிவிடுங்கள்.