சிட்டி அலாய், ஸ்விஃப்ட் நட்டு: உங்கள் வழக்கே அந்த நட்டுதான்

பெருந்துறை வாசகர் ஒருவர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. தன் மாருதி ஸ்விஃப்டுக்கு, ஹோண்டா சிட்டியில் கழற்றிய அலாய் வீல் நான்கை 26,000 ரூபாய்க்கு ஒரு கடையில் வாங்கி அங்கேயே மாட்டியிருக்கிறார். ஐந்தாவது மாதம் காங்கேயம் சாலையில் முன்பக்க இடது சக்கரம் கழன்று ஓட, வண்டி புளியமரத்தில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் 1,42,000. வண்டியை மாற்றியமைத்துவிட்டீர்கள் என்று காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை நிராகரித்துவிட்டது. ஆனால் எழுதிக் கொடுத்தால் பாதியாவது பார்க்கலாம் என்று அதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்னாராம். காப்பீட்டு நிறுவனம், கடைக்காரர் இருவர் மேலும் வழக்குப் போட்டு மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்கலாமா என்பது கேள்வி. மீதி மூன்று வீலைத் திரும்ப மாட்டலாமா என்பது இன்னொன்று.

சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் உங்களை 'படிச்சவர்தானே' என்று கேட்டது, ஏஜெண்ட் போனை எடுக்காதது, கடைக்காரர் உங்கள் மச்சானுக்கு நண்பர் என்பது எதுவும் வழக்குக்கு உதவாது. 5 லட்சத்தையும் மறந்துவிடுங்கள். கேள்வி ஒன்றுதான்: சக்கரம் ஏன் கழன்றது, அது உங்கள் அலட்சியமா, மாட்டியவரின் அலட்சியமா?

நிராகரிப்புக் கடிதத்தில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவைப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வண்டியின் கட்டமைப்பில் அடிப்படை அம்சமே மாறும்படி செய்வதுதான் 'மாற்றம்' என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. அதே அளவு வீல் மாட்டியதை அதற்குள் கொண்டுவருவது அவர்களுக்குச் சுலபமில்லை. அவர்கள் கையில் இருக்கும் நிஜமான ஆயுதம் பாலிசியின் 4-ஆவது நிபந்தனை, அதாவது வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது. அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது, உங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்ஆப் குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். "பக்காவா உட்காரும் சார், நட்டு வேற வாங்க வேண்டாம், உங்க நட்டே போதும்" என்கிறார் கடைக்காரர். உங்கள் வழக்கு முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஸ்விஃப்ட், சிட்டி இரண்டிலும் நட்டு மாட்ட நான்கு ஓட்டை, அவை அமைந்திருப்பது 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில். அதனால் வீல் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், பார்ப்பவருக்குப் பொருந்திய மாதிரியே இருக்கும். ஆனால் சிட்டி வீலில் நட்டு உட்காரும் குழி கிண்ணம் போல உருண்டையானது. ஸ்விஃப்ட் நட்டின் முனையோ கூம்பு. கூம்பைக் கிண்ணத்தில் வைத்து முறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் தொடும், ஓட ஓட இளகும். நடு ஓட்டையும் சிட்டிக்கு 56.1 மி.மீ., அதற்குள் நுழையும் ஸ்விஃப்ட் ஹப்புக்கு (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பாகம்) 54.1. இடைவெளியை அடைக்க வளையம் போடாவிட்டால் வீலைப் பிடித்திருப்பது அந்த நாலு நட்டு மட்டும்தான். இதெல்லாம் தொழில் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவரிடம் கொடுத்து மாட்டியதுதான் உங்கள் 'நியாயமான முயற்சி'.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீங்கள் தயாரித்து அனுப்பியிருக்கும் இரண்டு கடிதங்களில் காப்பீட்டுக்காரருக்கு 'பள்ளத்தில் இறங்கியதால்தான் விபத்து, வீலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று இருக்கிறது, கடைக்காரருக்கு 'பொருந்தாத வீலை மாட்டியதால்தான் விபத்து' என்று இருக்கிறது. தயவுசெய்து இரண்டையும் அனுப்பாதீர்கள். இதே தவறைச் செய்துவிட்டு என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் ஒருவர் இருவர் இல்லை. விசாரணை அன்று எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இதில் எது பொய்' என்று மட்டும் கேட்பார். அதற்குப் பிறகு நல்ல சாட்சியம் இருந்தும் பயனில்லாமல் போய்விடும். உண்மையைச் சொன்னாலே இரண்டு பக்கமும் நிற்கும்: கடையை நம்பி மாட்டினேன், தவறான நட்டால் இளகியது, எனக்குத் தெரிய வழியில்லை. இரண்டு இடத்திலும் இதே வார்த்தைகள், ஒரு வரி கூட மாறக்கூடாது.

அடுத்தது, வண்டி மூன்று வாரமாக சர்வீஸ் சென்டரில் நிற்கிறது என்கிறீர்கள். இடது ஹப், உடைந்த ஸ்டட் (நட்டை முறுக்கும் போல்ட்), வழியில் பொறுக்கி வந்த நட்டு, கழன்ற வீல், இவையெல்லாம் எங்கே? சர்வேயர் போட்டோ மட்டும் எடுத்திருப்பார். வேலை ஆரம்பித்ததும் பழைய சாமான் ஸ்கிராப்புக்குப் போய்விடும், அதோடு உங்கள் வழக்கும் போகும். எதையும் அகற்றக்கூடாது என்று இன்றே மெயில் போடுங்கள், நாளை நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். குறைபாட்டைச் சோதனை செய்துதான் அறிய முடியும் என்றால் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும், ஆனால் அனுப்பப் பொருள் இருக்க வேண்டும். குரல் பதிவு இருக்கும் போனையும் மாற்றாதீர்கள். 'சிட்டி அலாய் 4, ஃபிட்டிங் சேர்த்து' என்று கையால் எழுதிய துண்டுச் சீட்டு ஜிஎஸ்டி பில் இல்லைதான், ஆனால் ஜிபே கணக்கோடு சேர்த்தால் போதும்.

அப்புறம், காப்பீட்டோடு சமாதானமாகப் போங்கள். நிபந்தனை மீறல் இருந்தாலும் கிளெய்மை அடியோடு மறுக்காமல் 'நான்-ஸ்டாண்டர்ட்' முறையில் 75 சதவீதம் வரை தரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2010-லேயே ஏற்றுக்கொண்டது. பாதிக்கு ஒத்துக்கொள்ளாமல் இதைச் சொல்லி 75 கேளுங்கள். அது எஸ்டிமேட்டில் இல்லை, தேய்மானமும், நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவும் போக மிஞ்சுவதில்தான். சர்வேயர் 1,20,000 ஒத்துக்கொண்டால் 90,000 வரும். அலாயின் விலையை அதில் சேர்க்காதீர்கள், பாலிசியில் நீங்கள் அறிவிக்காத பொருள் அது. 90,000 கையில் வருவது, மூன்று வருடம் வாய்தா வாங்கி 1,10,000 வாங்குவதைவிட நல்லது என்று கூசாமல் சொல்வேன்.

ஒரு வரிசை மட்டும் முக்கியம். காப்பீட்டுப் பணம் வருவதற்கு முன் கடைக்காரரிடம் மச்சான் மூலமாக ஏதாவது வாங்கிக்கொண்டு 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குக் கொடுத்ததை அவரிடம் வசூலிக்கக் காப்பீட்டுக்காரருக்கு இருக்கும் உரிமையை நீங்களே அறுத்த மாதிரி ஆகும், அதையே காரணம் காட்டி உங்களுக்குத் தருவதை நிறுத்துவார்கள். முதலில் காப்பீடு. பணம் தரும்போது அவர்கள் நீட்டும் வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன், கடைக்காரர் மேலான உரிமையை எவ்வளவு தூரம் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று வாசியுங்கள். விடுபட்ட தொகையும் வீலுக்குக் கொடுத்த 26,000-மும் உங்கள் கோரிக்கையாகவே இருக்கட்டும். அதற்குக் கடைக்காரர் மேல் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போகலாம். 40,000 தருகிறேன் என்று அவர் இறங்கி வந்தால் அப்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதி மூன்று வீலைத் திரும்ப மாட்டவே மாட்டாதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். பழைய ஸ்டீல் ரிம் வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதையே போட்டு ஓட்டுங்கள். காரில் குழந்தையும் வருகிறது என்றீர்களே.