ஐந்து மாதப் பெண் பூனைக்கு இப்போதே கருத்தடை செய்யலாமா, ஒரு ஈற்று முடியட்டுமா?

இப்போதே செய்யுங்கள். ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று எனக்கும் சொன்னார்கள், நம்பினேன். ஆறாவது மாதத்தில் ஒரு ராத்திரி என் செல்லி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு விடிய விடியக் கத்தினாள். வயிற்று வலி என்று நினைத்தேன், பருவம் வந்திருந்தது. மறுநாளே ஜன்னல் வழியாக ஓடியவள் சினையாகிவிட்டாள். அவளே குட்டி. பெற்ற நான்கில் இரண்டு தங்கவில்லை.

நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரும் பூனைகள் உண்டு. முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் பிற்காலத்தில் மடியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. கருப்பையையே எடுத்துவிட்டால் அதில் சீழ் கட்டும் பயமும் இல்லை. ஏற்கெனவே குட்டி போட்ட பூனை என்றால், குட்டிகள் பால் மறந்ததும் செய்துவிடுங்கள். பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும், அதுவரை வெளியே விடாதீர்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் முன் மருத்துவர் எடை பார்த்து இதயத்தையும் சோதிக்க வேண்டும். எத்தனை மணி நேரம் பட்டினி போடுவது என்று அவரிடமே கேளுங்கள். பெரிய பூனையைப் போலக் குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும்.

செல்லிக்கு ஆபரேஷன் ஆன பிறகும் நான் ஒரு தப்பு செய்தேன். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்போடு அவள் சுவரில் முட்டி முட்டிப் பின்னோக்கியே நடந்தாள். மூன்றாம் நாள் பாவமாக இருக்கவே கழற்றிவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நக்கி நக்கியே இரண்டு தையலைப் பிரித்துவிட்டாள். மறுபடி மயக்கம், மறுபடி தையல். எவ்வளவு முறைத்தாலும் 10 முதல் 14 நாள் அந்தக் கூம்பு இருக்கட்டும். முதல் நாள் தள்ளாடும், உயரத்தில் ஏற விடாமல் தரையிலேயே கதகதப்பாகப் படுக்க வையுங்கள். வலிக்கிறதே என்று மட்டும் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். ஈறு வெளுத்தாலோ, தையலில் ரத்தமோ சீழோ கசிந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஆண் பூனைக்கு இது சின்ன வேலை, சீக்கிரம் தேறிவிடும். ஆனால் செய்த பிறகும் சில வாரங்களுக்கு அதனால் சினையாக்க முடியும். வீட்டில் இரண்டும் இருந்தால் அதுவரை தனித்தனியாகவே வையுங்கள்.