பார்க்கும், எடுக்காது: ரெஜெக்ஸ் லுக்அரவுண்ட் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு எண்களுக்கு நடுவே வரும் சிறுகோட்டை முக்காற்புள்ளியாக மாற்ற ரெஜெக்ஸில் (உரையில் வடிவங்களைத் தேட எழுதும் குறிமொழி) ([0-9])-([0-9]) என்று எழுதினேன். 10-20-30 சரியாக மாறுகிறது. 1-2-3 மட்டும் 1:2-3 என்று பாதியில் நிற்கிறது. ஏன்?

பதில்: உங்கள் பேட்டர்ன் கோட்டோடு சேர்த்து இரண்டு பக்க எண்களையும் விழுங்கிவிடுகிறது. 1-2 பொருந்தியதும் தேடல் 2-ஐத் தாண்டிவிடும். அடுத்த கோட்டுக்கு முன்னால் ஓர் எண் வேண்டுமே, அந்த 2 ஏற்கெனவே செலவாகிவிட்டது. 20-இல் இரண்டு இலக்கம் இருப்பதால்தான் முதல் உதாரணம் தப்பித்தது: முதல் கோட்டுக்கு 2, அடுத்ததற்கு 0. சோதனையில் பெரிய எண்களை மட்டும் கொடுத்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

(?<=[0-9])-(?=[0-9]) என்று எழுதுங்கள். முதல் பகுதி லுக்பிஹைண்ட், பின்னால் (இடப்பக்கம்) திரும்பிப் பார்க்கிறது. கடைசிப் பகுதி லுக்அஹெட், முன்னால் (வலப்பக்கம்) எட்டிப் பார்க்கிறது. இரண்டுக்கும் பொதுப்பெயர் லுக்அரவுண்ட். இரண்டும் பார்க்கும், எடுக்காது. பொருந்துவது கோடு மட்டும்தான், அதனால் மாற்றாக வெறும் முக்காற்புள்ளி கொடுத்தால் போதும்.

கேள்வி: ஒற்றைக் கோட்டை மாற்ற வேண்டும், இரட்டைக் கோட்டைத் தொடக்கூடாது. -(?!-) போட்டும் இரட்டையில் ஒன்று மாறிவிடுகிறதே?

பதில்: (?!-) என்றால் 'அடுத்து கோடு வரக்கூடாது' என்று பொருள். இரட்டையின் இரண்டாவது கோட்டுக்கு அப்புறம் கோடு இல்லையே, அதுதான் மாட்டுகிறது. இரு பக்கமும் காவல் வையுங்கள்: (?<!-)-(?!-).

கேள்வி: தமிழ்ச் சொற்களில் 'க' மட்டும் மாற வேண்டும். கா, கி, க் எல்லாமே கெட்டுப்போகின்றன.

பதில்: நம் கண்ணுக்கு 'கா' ஓர் எழுத்து, யூனிகோடில் அது 'க'வும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். புள்ளியும் தனிக் குறியீடுதான். க(?![ா-்]) என்று எழுதினால் உயிர்க்குறியோ புள்ளியோ தொடராத 'க' மட்டுமே பொருந்தும். தமிழ் உரையில் ரீப்ளேஸ் செய்கிற எல்லோரும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பேன்.

கேள்வி: திரு., டாக்டர். ஆகியவற்றில் வரும் முற்றுப்புள்ளியை விட்டுவிட (?<!திரு|டாக்டர்)[.] எழுதினேன். பைத்தான் பிழை காட்டுகிறது.

பதில்: பைத்தானின் இயல்பான ரெஜெக்ஸ் தொகுதியில் லுக்பிஹைண்டின் நீளம் மாறக்கூடாது. திரு 4 குறியீடு, டாக்டர் 7. இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்து வையுங்கள்: (?<!திரு)(?<!டாக்டர்)[.]. ஜாவாஸ்கிரிப்டில் இந்தத் தடை இல்லை. ஆனால் அங்கே லுக்பிஹைண்ட் வந்ததே 2018 தரநிலையில்தான், பழைய பிரவுசர்களில் ஓடாது.

கேள்வி: மேற்கோள் குறிக்கு வெளியே உள்ள காற்புள்ளிகளை மட்டும் மாற்ற முடியுமா?

பதில்: மீதியுள்ள மேற்கோள் குறிகள் இரட்டைப்படையா என்று லுக்அஹெட்டில் எண்ணலாம். செய்யாதீர்கள். ஒவ்வொரு காற்புள்ளிக்கும் கடைசிவரை ஓடிப் பார்க்கும், ஒரு குறி விடுபட்டால் எல்லாம் தலைகீழ். உரையின் அமைப்பைப் படித்துப் பிரித்துத் தரும் பார்சர் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கோ (Go) நிரல்மொழியில் லுக்அரவுண்டே இல்லையாமே?

பதில்: ஆமாம். உரையின் நீளத்துக்கு நேர்விகிதமான நேரத்தில் தேடலை முடிக்க வேண்டும் என்பதற்காக விட்டுவிட்டார்கள். முதல் கேள்வியில் இருந்த பழைய பேட்டர்னையே இரண்டு முறை ஓட்டுங்கள். 1-2-3-4 முதல் சுற்றில் 1:2-3:4 ஆகும், மிஞ்சிய கோடு அடுத்த சுற்றில் மாறிவிடும்.