இரண்டு நொடியில் இருளும் மானிட்டர்: போனது பேனல்தானா?

கேள்வி: ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் என் 24 அங்குல எல்இடி மானிட்டரை இயக்கினால், நிறுவனத்தின் முத்திரை ஒரு கணம் தெரிந்து, இரண்டு நொடியில் திரை கறுத்துவிடுகிறது. பவர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. பழுதுபார்ப்பவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "பேனல் போய்விட்டது, பழையதைக் கொடுத்துவிட்டால் வேறொன்று குறைந்த விலையில் தருகிறேன்" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி பேனல் கெட்டதற்கான அறிகுறி அல்ல. பேனல் என்பது படத்தை உருவாக்கும் கண்ணாடித் தகடு. அது தானாக ஒளிர்வதில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் எல்இடி பட்டைகளின் வெளிச்சம், அதாவது பேக்லைட், அதனூடே வருவதால்தான் படம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பட்டைகளில் ஓர் எல்இடி அறுந்துபோனாலும், அவற்றுக்கு மின்சாரம் தரும் சர்க்யூட் கோளாறை உணர்ந்து, தற்காப்பாக மொத்த வெளிச்சத்தையும் நிறுத்திவிடும். அது உணர்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்தான் நீங்கள் காணும் இரண்டு நொடி.

இதை உறுதிசெய்ய ஒரு டார்ச் போதும். கணினியை இணைத்தபடியே மானிட்டரை இயக்கி, அறையை இருட்டாக்கி, திரை கறுத்த பின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து, மௌஸை அசைத்துப் பாருங்கள். எழுத்துகளோ ஐகான்களோ மங்கலாகத் தெரிந்தால் பேனல், கேபிள், கணினி மூன்றுமே நல்ல நிலையில் உள்ளன என்று பொருள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் கேபிள்களை மாற்றியும் விண்டோஸை மீண்டும் நிறுவியும் நாட்களை வீணாக்குபவர்கள் ஏராளம். ஒன்றுமே தெரியாவிட்டால் மட்டும், இன்புட் தேர்வை (எந்த இணைப்பிலிருந்து படம் வர வேண்டும் என்று மானிட்டர் மெனுவில் தேர்ந்திருப்பதை) சரிபார்த்து, வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் மானிட்டருக்கு மின்சாரம் லேப்டாப்புக்கு இருப்பதுபோல் தனி அடாப்டர் வழியாக வருகிறதா என்று பாருங்கள். அடாப்டரின் திறன் குறைந்துபோனால், பேக்லைட் எரியத் தொடங்கும் கணத்தில் அந்தச் சுமையைத் தாங்காமல் வோல்ட்டேஜ் சரிந்து, ஏறத்தாழ இதே காட்சியைத் தரும். வேறுபாடு என்னவென்றால், அப்போது பெரும்பாலும் பவர் விளக்கும் சேர்ந்து அணையும், அல்லது சிமிட்டும்; மானிட்டர் தானாகவே மறுபடி மறுபடி உயிர்பெற முயலும். படம் தெரியும் அந்த இரண்டு நொடிக்குள் மெனுவைத் திறந்து பிரைட்னஸை அடிமட்டத்துக்குக் குறைக்க முடிந்து, அதன்பின் திரை அணையாமல் நின்றால், சந்தேகம் அடாப்டர் பக்கம் சாய்கிறது. மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் பழையதற்குச் சமமாகவும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். பின்னின் அளவும், அதன் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்பதைக் காட்டும் சிறிய படமும் பொருந்த வேண்டும். 19 வோல்ட் கேட்கும் மானிட்டருக்கு "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று 12 வோல்ட் அடாப்டரைத் தலையில் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

அடாப்டர் இல்லாமல் மின்கம்பி நேராக உள்ளே செல்லும் மானிட்டரானால், நீங்களே திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் வரும் இடங்களில் பவர் போர்டின் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அப்படியே இருக்கலாம்.

இனி, பழையதை எடுத்துக்கொள்கிறேன் என்றவரைப் பற்றி. ஒரு மானிட்டரில் விலை மிகுந்த பாகமே பேனல்தான். அது போய்விட்டது என்று பாராமலேயே சொல்லி, நல்ல பேனலோடு மானிட்டரை வாங்கிக்கொண்டு, பேக்லைட்டை மட்டும் மாற்றி இன்னொருவருக்கு விற்பது இத்தொழிலில் பழகிப்போன ஏமாற்று. பேனல் உண்மையாகவே கெட்டிருந்தால் பெரும்பாலும் கண்ணாடியில் விரிசலோ, மை கொட்டியதுபோன்ற கறையோ, மானிட்டரின் சொந்த மெனுவின் மேலும் ஓடும் செங்குத்துக் கோடுகளோ தெரியும். இன்னொரு தந்திரம், தற்காப்புச் சர்க்யூட்டைத் துண்டித்துவிட்டுத் திரையை எரியவைத்துக் காட்டுவது. அது சில நாட்களுக்கு எரியும். பிறகு மிச்சமிருக்கும் எல்இடிகளையும் போர்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

நிறுவனச் சேவை மையத்துக்குப் போனாலும் நிம்மதி இல்லை. உத்தரவாதக் காலம் முடிந்த மானிட்டருக்கு எல்இடி பட்டையைத் தனியே தர மறுத்து, பேனலும் பேக்லைட்டும் சேர்ந்த முழுத் தொகுப்பையும் மாற்றச் சொல்லுவதே பெரும்பாலும் நடக்கும். அந்தச் செலவு மதிப்பீட்டைப் பார்த்த எவரும் புதியதையே வாங்குவார். அதுதான் அவர்களுக்கும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல், திரைகளின் உள் பவர் சப்ளை போன்ற சில உதிரிபாகங்களைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பாளர்களுக்கு, அந்த மாடலின் கடைசி மானிட்டர் விற்பனைக்கு வந்ததிலிருந்து ஏழு ஆண்டுகள் வரை வழங்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அங்கேகூட, உங்களுக்குத் தேவைப்படுவது போன்ற சிறு பட்டைக்காக அலைய வேண்டியிருக்கும்.

எனவே, தனியார் பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். ஆனால் பின்புற ஸ்டிக்கரிலுள்ள சீரியல் எண்ணைப் படமெடுத்துவைத்து, டார்ச் சோதனையை அவர் முன்னிலையில் செய்துகாட்டிய பிறகு கொடுங்கள். பட்டைகளை ஒரே தொகுப்பாக மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் வெளிச்சம் திட்டுத்திட்டாக விழும். எடுத்த பழைய பட்டைகளைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரமாவது திரை எரிவதை அங்கேயே இருந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.