நாய்த் தீனி பூனைக்கு ஆகுமா?

கேள்வி: வீட்டில் நாயும் பூனையும் இருக்கின்றன. நாய்க்கு வாங்கும் பாக்கெட் தீனியையே பூனையும் விரும்பித் தின்கிறது. அப்படியே விட்டுவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: என்றைக்காவது திருடித் தின்றால் ஒன்றும் ஆகாது, தினமும் அதுவே சாப்பாடு என்றால் கூடாது. காரணம், டாரின் என்ற சத்து. நாயின் உடல் பெரும்பாலும் இதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு முடியாது, இறைச்சி, மீன் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975-லேயே தெரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய சேதி 1987-ல் வந்தது: அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் குழுவினர், இதயம் பெருத்துத் தளர்ந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு அதையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள், இதயம் தேறியது. வேடிக்கை என்னவென்றால், அவை தின்றது கடையில் விற்ற பூனைத் தீனியைத்தான்! அப்புறம்தான் கம்பெனிகள் தீனியில் டாரின் அளவைக் கூட்டின. ஆனால் இதயம் தேறுவதுபோல, டாரின் குறைவால் போன பார்வை திரும்பாது.

சரி, வீட்டில் மீன் வேகவைத்துப் போடுவீர்கள் என்றால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், டாரின் அதில் கரைந்து இறங்கிவிடும். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்து, தண்ணீரோடு கலந்து வையுங்கள்.