60-ஆம் பக்கத்தில் உடைந்த ரகசியம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் புதிய நாவலை ஒரே மூச்சில் படித்தேன். சுரங்கத்துக்குள் விளக்கு அணையும் இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. ஆனால் பெரியம்மாதான் நாயகியைப் பெற்றவள் என்பது 60-ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. மீதி 300 பக்கம் எதற்கு? ஒரு டி.என்.ஏ. சோதனையில் முடிகிற விஷயத்துக்குக் காடும் மலையும் ஏன்? அப்புறம், பரண் பெட்டியில் கிடைக்கும் அந்தப் பழைய கடிதம். இன்னும் எத்தனை நாவல்களில்தான் அது கிடைக்கும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடிதத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கதை முட்டிக்கொண்டு நின்ற ஒரு நாளில் எழுதிய அத்தியாயம் அது. தழும்பு, கழுத்தணி என்று ஏதோ ஓர் அடையாளத்தைக் காட்டி உறவைக் கண்டுபிடிக்க வைப்பதைக் கலைநயம் மிகக் குறைந்த வழி என்று ‘கவிதையியல்’ நூலிலேயே அரிஸ்டாட்டில் சொல்லிவிட்டார். நிகழ்ச்சிகளின் போக்கிலேயே உண்மை வெளிவர வேண்டும் என்பது அவர் கட்சி. பரண் பெட்டி அந்தத் தழும்புக்குத் தங்கை முறை.

60-ஆம் பக்கம் மட்டும் தவறி நடந்ததல்ல. கர்ணன் யார் பிள்ளை என்பது மகாபாரதக் கதை கேட்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் அவனும் அர்ஜுனனும் எதிரெதிரே வில்லெடுக்கும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது. தெரியாதவர்கள் பாண்டவர்கள். 18 நாள் போரும் முடிந்து, கங்கைக்கரையில் இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செலுத்தும்போதுதான் குந்தி அவர்களிடம் வாய் திறக்கிறாள். தாயும் மகளும் ஒரே கயிற்றைப் பிடித்துச் சுரங்கத்தில் இறங்கும்போது, அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மகளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

1984-இல் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. ரேகை முறையைக் கண்டுபிடித்ததில் எங்கள் பிழைப்பில் பாதி போயிற்று. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் சோதனை பெற்றவளைத்தான் காட்டும். மறைத்தவர்கள் பட்ட பாட்டைக் காட்டாது. ரகசியம் புதையலைப் போலச் சும்மா கிடப்பதில்லை. தினமும் யாராவது அதற்குக் காவல் இருக்க வேண்டும்.

பெரியம்மா அந்தப் பிரசவ இரவைப் பற்றி இரண்டு முறை சொல்கிறாள். இரண்டு முறையும் அதே சொற்கள்: “மழை விட்டிருந்தது, மருத்துவச்சி குடையை மறந்துவிட்டுப் போனாள்.” நடந்ததை நினைவிலிருந்து சொல்பவர்களுக்கு ஒருமுறை குடை வரும், ஒருமுறை வராது. மனப்பாடம் செய்தவளுக்குக் குடை தவறவே தவறாது. 60-ஆம் பக்கத்தில் நீங்கள் பிடித்தது அந்த இரண்டாவது குடையைத்தான்.

விளக்கு அணைந்த பிறகு, பயத்தில், மூன்றாம் முறையும் சொல்கிறாள். இந்த முறை மழை விடவில்லை, மருத்துவச்சியே வரவில்லை. இருட்டில் மகள் கேட்கிறாள்: “குடை எங்கே, பெரியம்மா?”

உண்மை அங்கேயே வெளிவந்துவிட்டது. அதை நம்பாமல், பின்னால் ஒரு கடிதத்தையும் வைத்தது என் கோழைத்தனம். அடுத்த பதிப்பில் கடிதத்தை எடுத்துவிடுகிறேன். பெட்டி பரணிலேயே இருக்கட்டும், காலியாக.