மாணவர் விசாவில் இருந்துகொண்டு போராட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: நான் இந்தியாவிலிருந்து வந்து, அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் முதுநிலைப் பட்டம் படிக்கிறேன். காவல்துறையின் அத்துமீறல்களையும் நிறவெறியையும் கண்டித்து வரும் சனிக்கிழமை எங்கள் நகரத்தில் பேரணி நடக்கிறது. உடன் படிக்கும் நண்பர்கள் அழைக்கிறார்கள். எனக்கும் போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. "படிக்கப் போன இடத்தில் நமக்கெதற்கு இந்த வம்பு?" என்கிறார் அப்பா. நான் கலந்துகொள்ளலாமா? காவலர்களை அலைபேசியில் படம் பிடிக்கலாமா? ஒருவேளை கைதானால் விசா என்ன ஆகும்?

பதில்: பேரணிக்குப் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது; கைதாவதற்கான வசதிதான் உங்களுக்கு இல்லை. உங்கள் அமெரிக்க நண்பர் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்து, ஓர் இரவு லாக்கப்பில் இருந்துவிட்டு, மறுநாள் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். அதே இரவும் அதே குற்றச்சாட்டும் உங்கள் பெயரில் இன்னொரு கணக்கிலும் எழுதப்படும். அது குடியேற்றத் துறையின் கணக்கு. குற்றவியல் வழக்கு முடிந்துபோன பிறகும் அந்தக் கணக்கு மூடப்படுவதில்லை. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் உரிமையைப் பார்ப்போம். அமைதியாகக் கூடுவதற்கும் பேசுவதற்கும் உரிமை தரும் அரசமைப்பின் முதலாவது திருத்தம் 'மக்கள்' என்றுதான் சொல்கிறது, 'குடிமக்கள்' என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்த அரசு பல ஆண்டுகள் முயன்றபோது, அமெரிக்காவில் வாழும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945-இல் சொன்னது. ஆனால் உரிமை ஏட்டில் இருப்பதும், அரசு அதை மதித்து நடப்பதும் ஒன்றல்ல. 2025-இல் பாலஸ்தீனம் தொடர்பான போராட்டங்களிலும் எழுத்திலும் ஈடுபட்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலர், எந்தக் குற்ற வழக்கும் இல்லாத நிலையிலேயே, குடியேற்ற அதிகாரிகளால் பிடித்துவைக்கப்பட்டார்கள். சட்டப்படி நாட்டில் இருக்கும் வெளிநாட்டவருக்குக் குடிமக்களுக்குள்ள அதே பேச்சுரிமை உண்டு என்று மாசசூசெட்ஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அது முதல்நிலை நீதிமன்றத்தின் தீர்ப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, காற்று அப்படி வீசவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, கைதானால் என்ன நடக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். கூட்டம் கலைக்கப்படும்போது நீங்கள் பிடிபட்டு, கைரேகை பதிவுசெய்யப்பட்டு, வழக்கே பதியாமல் நள்ளிரவில் விடப்பட்டதாக வைத்துக்கொள்வோம். தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எடுக்கப்படும் கைரேகை கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்குப் போகிறது, அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுத்தளத்தோடும் ஒப்பிடப்படுகிறது. அடுத்த முறை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது டிஎஸ்-160 படிவம், உங்களுக்குத் தண்டனை கிடைத்ததா என்று மட்டும் கேட்பதில்லை, எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்றே கேட்கிறது. பிற்காலத்தில் பச்சை அட்டைக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பித்தால் அங்கும் இதே கேள்வி வரும். வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், நீதிமன்றம் ஆவணத்தை முத்திரையிட்டு மூடியிருந்தாலும், 'ஆம்' என்று எழுதி விளக்கம் தர வேண்டும். மறைப்பது, கைதானதைவிடப் பெரிய குற்றமாகிவிடும்.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகளை (அவர்களுடைய மாணவர் நிலையைக் குறிக்கும் அரசின் கணினிப் பதிவு) அரசு ஒரேயடியாக நீக்கியபோது, பலருடைய பெயர் சிக்கியதற்குக் காரணம், காவல்துறைத் தரவுத்தளத்தில் கிடந்த பழைய, சிறிய பதிவுகளே. அவற்றில் தள்ளுபடியான வழக்குகளும் இருந்தன. நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு ஏப்ரல் இறுதியில் பதிவுகள் மீட்கப்பட்டன. இடைப்பட்ட வாரங்களில் அந்த மாணவர்கள் வகுப்புக்குப் போகலாமா, விமானம் ஏற வேண்டுமா என்று தெரியாமல் தவித்தார்கள்.

வழக்கே பதியப்பட்டால் அடுத்த கண்ணி, பேரம். "சின்னக் குற்றம்தான், ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும், ஆறு மாதம் கழித்து வழக்கையே நீக்கிவிடுவோம்" என்று அரசுத் தரப்பு முன்வரும். குடிமகனுக்கு அது நல்ல ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் குடியேற்றச் சட்டத்தில், நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதேனும் ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்துவிட்டால், மாநில நீதிமன்றம் பின்னால் அதை நீக்கினாலும் அது தண்டனைத் தீர்ப்பாகவே எண்ணப்படும். பொது அமைதிக்கு இடையூறு என்பதுபோன்ற சிறு குற்றங்கள் பெரும்பாலும் நாடு கடத்தலில் போய் முடிவதில்லை. தள்ளுமுள்ளில் ஒரு காவலரைத் தாக்கியதாக எழுதப்பட்டால் கதை வேறு. ஒப்புதலால் குடியேற்ற நிலைக்கு வரும் பாதிப்பைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அரசுச் செலவில் நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு உங்கள் பெயரோடு நாற்பது கோப்புகள் இருக்கக்கூடும். "நான் எஃப்-1 விசாவில் இருக்கிறேன்" என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

"நான் கல் எறியப்போவதில்லையே, என்னை ஏன் கைதுசெய்வார்கள்?" என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்கு 2020 ஜூன் 4 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், மாட் ஹேவனில் நடந்ததைப் பாருங்கள். மின்னியாபொலிஸ் நகரில் காவலர் ஒருவரின் பிடியில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பர் கொல்லப்பட்டதை அடுத்து நடந்த பேரணி அது. இரவு 8 மணிக்கு ஊரடங்கு. 8 மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே காவலர்கள் முன்னும் பின்னும் நின்று தெருவை அடைத்துவிட்டார்கள். கலைந்து போக நினைத்தவர்களுக்கும் வழியில்லை. மணி எட்டானதும் ஊரடங்கை மீறியதாகச் சொல்லி, தடியால் அடித்து, பிளாஸ்டிக் விலங்கு மாட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். காவல்துறையின் நடத்தையைக் கவனித்துக் குறிப்பெடுக்கச் சட்டப் பார்வையாளர்களாக வந்தவர்கள்கூடத் தப்பவில்லை. அங்கே சிக்கியவர்களுக்குத் தலா 21,500 டாலர் இழப்பீடு தர நகர நிர்வாகம் 2023-இல் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அங்கே கைதான ஒரு வெளிநாட்டு மாணவர், நகர நிர்வாகமே இழப்பீடு தர ஒப்புக்கொண்ட பிறகும், கைதாகியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே நான் சொல்வது ஒன்றே: எந்த இடத்தில், எந்த நேரத்தில் விலகுவீர்கள் என்பதை வீட்டிலிருந்து புறப்படும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். கூட்டத்தின் உணர்ச்சி வேகத்தில் எடுக்கும் முடிவு உங்கள் முடிவாக இருக்காது. அனுமதி பெற்ற, பகல் நேரப் பேரணிக்குப் போங்கள். நடைபாதையிலோ கூட்டத்தின் ஓரத்திலோ நடங்கள். பக்கத்துத் தெருக்கள் எங்கே திறக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். ஊர்வலம் நெடுஞ்சாலையிலோ பாலத்திலோ ஏறும்போது நீங்கள் ஏறாதீர்கள். ஊரடங்கு இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வீடு திரும்பிவிடுங்கள். கலைந்து செல்லும்படி காவல்துறை ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டால், அந்த உத்தரவு சரியா தவறா என்று வாதிடும் வேலையை நண்பர்களிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். கோழைத்தனம் என்று யாரேனும் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

எல்லாம் மீறிக் காவலர் உங்களை நிறுத்தினால், "நான் போகலாமா?" என்று கேளுங்கள், போகலாம் என்றால் ஓடாமல் நடந்து போங்கள். பல மாநிலங்களில், சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்டவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பெயரைச் சொல்லிவிடுங்கள். மற்றவற்றுக்கு, "நான் மௌனமாக இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன், எனக்கு வழக்கறிஞர் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெறுமனே பேசாமல் உட்கார்ந்திருப்பது போதாது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் பெரும்பாலும் பேசாதிருந்துவிட்டு இறுதியில் ஒரு சொல்லில் பதில் சொன்ன ஒருவர், உரிமையைக் கோரியதாகக் கொள்ள முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எக்காரணம் கொண்டும் அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிவிடாதீர்கள். பதற்றத்தில் சொன்ன அந்த ஒரு பொய், நாடு கடத்தலுக்கும் நிரந்தரத் தடைக்கும் காரணமாகலாம். 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால் நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94-இன் அச்சுப்படியைப் பையில் வையுங்கள். வழக்கறிஞரின் எண்ணைக் கையில் அழியாத மையால் எழுதிக்கொள்ளுங்கள். லாக்கப்பில் அலைபேசி உங்களிடம் இருக்காது, இன்றைக்கு யாருக்கும் யாருடைய எண்ணும் மனப்பாடமாக இல்லை. இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு; ஆனால் நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

படம் பிடிப்பது பற்றிய கேள்விக்கு வருகிறேன். பொது இடத்தில் பணியில் இருக்கும் காவலரைப் படம் பிடிப்பது அரசமைப்பு காக்கும் உரிமை என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பலவும் சொல்லியிருக்கின்றன. பாஸ்டன் காமன் பூங்காவில் கைதுக் காட்சியைப் படமெடுத்த ஒருவரின் வழக்கில் 2011-இல் வந்த தீர்ப்பு அவற்றுள் பெயர்பெற்றது. மறைத்துவைக்காமல், கையை நீட்டித் தெரியும்படி எடுங்கள். பின்னால் போ என்றால், எடுத்துக்கொண்டே பின்னால் போங்கள். அழிக்கச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கைதுசெய்தாலும் நீதிமன்ற ஆணையின்றி அலைபேசியின் உள்ளே தேடக்கூடாது என்பது 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. முகம், விரல்ரேகை ஆகியவற்றால் திறக்கும் வசதியை அன்றைக்கு அணைத்துவிட்டு எண்பூட்டு மட்டும் வையுங்கள். எடுத்ததை உடனே சமூக ஊடகத்தில் ஏற்றாதீர்கள்: உங்களைப் போலவே விசாவில் இருக்கும் யாருடைய முகமாவது அதில் இருக்கலாம், மேலும் 2025 ஜூன் முதல் மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைத் திறந்துவைக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை கேட்கிறது. ஆனால் மூலக் கோப்பை வெட்டாமல், ஒட்டாமல் பத்திரப்படுத்துங்கள். 2020 மே 25 அன்று மின்னியாபொலிஸ் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கை, விலங்கிடப்பட்ட ஒருவர் (அவர்தான் ஜார்ஜ் ஃப்ளாய்ட்) உடல்நலக் கோளாறால் இறந்ததாகவே கூறியது. கழுத்தில் முழங்கால் அழுத்தியதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 17 வயதுப் பெண் ஒருத்தி சாலையோரத்தில் நின்று எடுத்த காணொளி இல்லாதிருந்தால் அதுவே வரலாறாகியிருக்கும். முழங்காலால் அழுத்திய காவலர் டெரிக் ஷோவினுக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறையும் கிடைத்திருக்காது.

உங்கள் அப்பாவின் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. பிள்ளை தூர தேசத்தில் இருக்கும்போது எந்தத் தகப்பனும் அப்படித்தான் கேட்பார். ஆனால் 'நமக்கெதற்கு' என்பதில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. 2015 பிப்ரவரியில், பேரனைப் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்து அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகருக்கு வந்திருந்த 57 வயது தாத்தா ஒருவர், மகன் வீட்டுத் தெருவில் காலை நடை போய்க்கொண்டிருந்தார். 'ஒல்லியான கறுப்பர்' ஒருவர் நடமாடுகிறார் என்று அக்கம்பக்கத்தவர் காவல்துறையை அழைத்தார். "நோ இங்கிலீஷ்" என்று சொல்ல முயன்றவரைக் காவலர் தரையில் தள்ளி வீழ்த்தினார். கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. இரண்டு முறை விசாரித்தும் ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. நீதிபதி காவலரை விடுவித்தார். 2021-இல் 17.5 லட்சம் டாலர் இழப்பீட்டோடு உரிமையியல் வழக்கு முடிந்தது.

ஒரு காவலர் செய்த தவற்றுக்கு 'அமைப்பு சார்ந்த நிறவெறி' என்று ஏன் பெயர் வைக்கிறார்கள் என்றும் அப்பா கேட்கக்கூடும். மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரக் காவல்துறையைப் பற்றி கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையைக் காட்டுங்கள். மக்கள்தொகையில் 67 சதவீதம் கறுப்பர்கள். வாகனச் சோதனைக்கு நிறுத்தப்பட்டவர்களில் 85 சதவீதம், கைதானவர்களில் 93 சதவீதம் அவர்கள். வெள்ளையரைவிட இரு மடங்குக்கு மேல் அவர்களுடைய வாகனங்கள் துழாவப்பட்டன. ஆனால் சட்டவிரோதப் பொருள் சிக்கியது வெள்ளையரிடம்தான் கூடுதல் விகிதத்தில். அபராத வருவாயைப் பெருக்கச் சொல்லி நகர நிர்வாகமே காவல்துறையை நெருக்கிவந்ததும் அதில் இருக்கிறது. கெட்ட மனிதர் ஒருவரை நீக்கினால் இந்த எண்கள் மாறாது.

இன்னொன்று. கறுப்பர்களின் வாக்குரிமைக்காக அலபாமாவின் செல்மா பாலத்தில் ஊர்வலம் போனவர்கள் 1965 மார்ச் 7 அன்று அடிபட்டார்கள். அந்த ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய அதே நாடாளுமன்றம்தான், நம்மவருக்குக் கதவைத் திறந்த புதிய குடியேற்றச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அதற்கு முன் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன.

கடைசியாக உங்கள் நிலையைப் பொறுத்த ஒரு கணக்கு. விசா முத்திரைக்காக விரைவில் ஊருக்குப் போகவிருந்தாலோ, படிப்பு முடிந்து வேலை அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாலோ, இந்தச் சனிக்கிழமை தெருவுக்குப் போகாதீர்கள். காவல்துறை ஒப்பந்தங்களும் நிதி ஒதுக்கீடும் முடிவாகும் நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள்; குடியுரிமை இல்லாதவரும் பெயர் கொடுத்துப் பேசலாம். அங்கே கூட்டம் குறைவு, பேசுவோருக்குத் தட்டுப்பாடு. அப்படிப்பட்ட சிக்கல் எதுவும் இல்லை என்றால் பகலில் போங்கள், இருட்டுமுன் திரும்புங்கள், போகும்முன் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தின் அவசர எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள், வீடு வந்ததும் அப்பாவுக்கு ஒரு போன் செய்யுங்கள்.